ஒரே ஆட்டம், இரு பார்வை

ஒரு காற்பந்தாட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சு அவ்வளவு விரைவில் முடிவதில்லை. ஜொகூர் பாருவின் மாமாக் கடைகளிலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் அது அடுத்த ஆட்டம் வரும்வரை தொடர்கிறது. "அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது" என்பார் ஒருவர். "பந்தைக் கொடுக்கவே மாட்டார், தன்னலக்காரர்" என்பார் இன்னொருவர். சற்று நேரத்தில் பேச்சு ஆட்டக்காரரை விட்டு நகர்ந்து, "உங்கள் அணி இரசிகர்களே இப்படித்தான்" என்ற இடத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு குரல் உயரும்.

இத்தகைய வாதத்தைக் கூர்ந்து கேட்டால், அதில் வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்திருப்பது தெரியும். ஆட்டக்காரரின் மனப்போக்கு எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி. அவருடைய ஆட்டப்பாணி அணிக்குப் பயன்படுகிறதா என்பது வேறொரு கேள்வி. எதிரணியை ஆதரிப்பவர் எப்படிப்பட்டவர் என்பது இவை இரண்டோடும் தொடர்பில்லாத கேள்வி. ஆனால், சூடான வாதத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. இது ஏன் நிகழ்கிறது என்பதை அறிய ஜொகூரை விடச் சிறந்த இடம் நம் நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

ஜொகூர் மாநில அணி 1985ஆம் ஆண்டிலும் 1991ஆம் ஆண்டிலும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1991இல் இறுதியாட்டத்தில் அது தோற்கடித்த அணி செலாங்கூர். அதன் பிறகு நெடுங்காலம் அந்தக் கிண்ணம் அதற்குக் கிட்டவில்லை. 2012இல் துங்கு இஸ்மாயில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே ஜொகூர் டாருல் தக்சிம் என்ற பெயரில் புதிய அணி களமிறங்கியது. சுருக்கமாக ஜே.டி.தி. என்று அழைக்கப்படும் இந்த அணி, 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராகத் திகழ்ந்தது. லார்க்கின் அரங்கத்தில் ஆடிவந்த அணி, 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் எழுந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு மாறியது. இதற்கிடையே, மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்று நாட்டின் பழம்பெரும் அணியாக விளங்கும் செலாங்கூருக்கும் ஜே.டி.தி.க்கும் இடையிலான போட்டி மேலும் கூர்மையடைந்தது.

தொடர்ந்து வெல்லும் அணிக்கு ஆதரவாளரும் பெருகுவர், வெறுப்பவரும் பெருகுவர். "நல்ல பயிற்சி வசதி, ஒழுங்கான நிர்வாகம், அதனால்தான் வெற்றி" என்கின்றனர் ஜொகூர் இரசிகர்கள். "பணத்தைக் கொட்டி மற்ற அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களை வாங்கினால் யார்தான் வெல்ல முடியாது?" என்று கேட்கின்றனர் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடுவதுமில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2015ஆம் ஆண்டின் ஏ.எஃப்.சி. கிண்ணம். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள், தஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஜே.டி.தி. உள்ளூர் அணியான இஸ்திக்லோலை 1-0 என்ற கோல் கணக்கில் வென்றது. அர்ஜெண்டினாவின் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ் அந்தக் கோலை அடித்தார். தென்கிழக்காசிய அணி ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. ஆனால், அதற்கு முந்தைய அரையிறுதியை நினைவூட்டுவோரும் உண்டு. குவைத்தின் அல் காட்சியா அணியுடனான முதல் ஆட்டத்தில் ஜே.டி.தி. 1-3 எனத் தோற்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால், அந்நாட்டு அணிகள் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. "அதிர்ஷ்டத்தால் வந்த கிண்ணம்" என்று எதிர்த்தரப்பினர் சொல்ல, "எதிரியின் சொந்த மண்ணில் போய் வென்ற கிண்ணம்" என்று ஜொகூர் இரசிகர் பதில் தருவார். இருவரும் சொல்வது நடந்த செய்திதான். எந்தச் செய்தியை முன்னால் வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

இப்படிப் பார்ப்பவர் பொய் சொல்லவில்லை என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டம் ஒன்று மிகவும் முரட்டுத்தனமாக நடந்தது. அது நாம் ஆடும் காற்பந்து அன்று, அமெரிக்கக் காற்பந்து. பிரின்ஸ்டன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டிக் காஸ்மேயர் மூக்கு உடைந்து வெளியேறினார். பின்னர் டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், காண்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் சராசரியாக 4.3ஐக் குறித்தனர். அதே படத்தில் அதே அணி செய்த தவறுகளாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது 9.8. இரு மடங்குக்கும் மேல்! ஆய்வு முடிவுகள் 1954இல் வெளியாயின. ஆட்டம் ஒன்றாக இருந்தாலும், பார்க்கும் கண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்பக் காட்சி மாறுகிறது என்பதே அவர்கள் கண்டது. நடுவரின் முடிவைப் பார்த்து நாம் கத்தும்போது, எதிர்ப்பக்க இருக்கையில் இருப்பவருக்கு அந்தக் காட்சி உண்மையாகவே வேறு மாதிரி தெரிந்திருக்கலாம்.

மனப்போக்கைப் பற்றிய வாதத்தில் இந்தச் சாய்வு இன்னும் எளிதாக நுழைந்துவிடும். ஏனெனில் விதிமீறலையாவது கண்ணால் பார்க்க முடியும். மனத்தைப் பார்க்க முடியாது.

அர்ஜெண்டினாவின் பாப்லோ ஐமாரை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் வலென்சியா, போர்த்துகலின் பென்ஃபிக்கா ஆகிய அணிகளில் புகழ்பெற்ற அவர், லியோனல் மெஸ்ஸி தம் சிறுவயது நாயகன் என்று குறிப்பிட்ட ஆட்டக்காரர். 2013இல் அவர் ஜே.டி.தி.யில் சேர்வதாக அறிவிப்பு வந்தபோது ஜொகூரில் ஏற்பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது. ஆனால் காயம் அவரை விடவில்லை. சில ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கிய அவர், 2014 ஏப்ரலில் அணியை விட்டு நீங்கினார். "பணத்துக்காக வந்தார், மனம் வைத்து ஆடவில்லை" என்று சொல்வது மிக எளிது. நமக்குத் தெரிந்தது என்ன? அவருக்குக் காயம் இருந்தது, 34 வயது, வெப்பமான புதிய நாடு. இவை தெரிந்த செய்திகள். மனம் வைத்தாரா இல்லையா என்பது ஊகம். ஊகிப்பதில் தவறில்லை, இரசிகர் என்றால் ஊகிக்கத்தான் செய்வார். ஊகத்தைச் செய்தியாக எண்ணிக்கொள்ளும்போதுதான் வாதம் கெடுகிறது.

அப்படியானால் மனப்போக்கைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். களத்தில் தெரியும் அடையாளங்களை வைத்துப் பேசலாம். பந்தை இழந்த ஆட்டக்காரர் உடனே திரும்பி ஓடி அதை மீட்கப் பார்க்கிறாரா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரா? சக ஆட்டக்காரர் தவறு செய்தால் தட்டிக்கொடுக்கிறாரா, முறைக்கிறாரா? மாற்றப்படும்போது பயிற்றுநருக்குக் கை கொடுக்கிறாரா? பயிற்றுநர் புதிய இடத்தில் ஆடச் சொன்னால் ஏற்கிறாரா? சு. குணாளனை இங்கே நினைக்கலாம். நெகிரி செம்பிலானில் வளர்ந்து, 2010இல் சுசுகி கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இடம்பெற்று, பின்னர் ஜே.டி.தி.க்கு ஆடியவர் அவர். வேகமான பக்கவாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரராக அறிமுகமானவர், பிற்காலத்தில் தற்காப்பு வரிசையில் வலப்பக்கத்தைக் காத்தார். கோல் அடித்துப் பெயர் வாங்கும் இடத்திலிருந்து, தவறினால் மட்டுமே பெயர் அடிபடும் இடத்துக்கு மாறுவது எளிதன்று. இத்தகைய மாற்றம் ஒருவரின் மனப்போக்கைப் பற்றி ஒரு பேட்டியை விட அதிகம் சொல்லும்.

அணி மாறியவரைத் துரோகி என்பதும் மனப்போக்கைப் பற்றிய தீர்ப்புதான். 2010ஆம் ஆண்டுத் தேசிய அணியின் தலைவரான சஃபிக் ரஹிம், செலாங்கூரை விட்டு 2013இல் ஜொகூருக்கு வந்தார். செலாங்கூர் இரசிகர் சிலருக்கு அது கசந்தது. ஆனால் காற்பந்து அவருக்குத் தொழில். ஓர் ஆசிரியரோ தாதியோ வேறு ஊருக்கு வேலை மாறினால் நாம் துரோகி என்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் அணியை விட்டுப் போகிறவர்தான் துரோகி, நம் அணிக்கு வருகிறவர் அறிவாளி! அணி விசுவாசம் நாட்டெல்லையையும் தாண்டும் என்பதற்கு ஹாரிஸ் ஹாருன் சான்று. சிங்கப்பூர்த் தேசிய அணியைச் சேர்ந்த அவர், 2014 முதல் பல பருவங்கள் ஜே.டி.தி.யின் நடுக்களத்தைத் தாங்கினார். பின்னர் அணித் தலைவராகவும் விளங்கினார். மலேசியாவும் சிங்கப்பூரும் மோதும் நாளில் எதிரணியில் நிற்பவரை, மற்ற நாள்களில் ஜொகூர் இரசிகர்கள் தம்மவராகவே போற்றினர்.

மனப்போக்கு என்று நாம் குறை சொல்வது பல வேளைகளில் ஆட்டப்பாணியாக இருக்கும். சஃபாவி ரஷிட் இடக்காலால் ஆடுபவர், ஆனால் பெரும்பாலும் வலப்பக்கத்தில் நிறுத்தப்படுவார். வலக்கால் ஆட்டக்காரராக இருந்தால் கோட்டையொட்டி ஓடிச் சென்று பந்தை நடுவே அனுப்புவார். இடக்கால் ஆட்டக்காரரோ உட்பக்கம் வெட்டிவந்து நேரே கோலை நோக்கி உதைப்பார். அதற்காகத்தான் அவரை அங்கே நிறுத்துகிறார்கள். இதை அறியாதவர் கண்ணுக்கு அவர் "பந்தைக் கொடுக்காத தன்னலக்காரர்" ஆகிவிடுவார். ஆரிஃப் ஐமானைப் போன்ற பக்கவாட்டு ஆட்டக்காரர், தற்காப்பாளரைத் தாண்ட முயலும்போது பலமுறை பந்தை இழப்பார். ஒரே ஒரு முறை தாண்டிவிட்டால் கோல் வாய்ப்பு பிறக்கும். எனவே அந்த இழப்புகளை அணி பொறுத்துக்கொள்கிறது. அதே இழப்பை நடுக்களத்தில் ஹாரிஸ் செய்தால் எதிரணி நேரே கோல் வாசலுக்கு வந்துவிடும். ஆகவே இருவரையும் எத்தனை முறை பந்தை இழந்தார்கள் என்ற ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்தாது. ஒருவர் எங்கே நிற்கிறார், பயிற்றுநர் அவருக்கு என்ன பணி கொடுத்திருக்கிறார் என்று கேட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

தாத்தாமார்களின் ஒப்பீடு இன்னும் சுவையானது. மொக்தார் டஹாரியையும் "ஸ்பைடர்மேன்" என்று அழைக்கப்பட்ட கோல் காவலர் ஆறுமுகத்தையும் பார்த்தவர்களுக்கு இன்றைய ஆட்டக்காரர் எவரும் ஒரு பொருட்டே அல்லர். அவர்களோடு வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. கேட்டுக்கொள்ளலாம்.

இனி எதிரணி இரசிகர்களுக்கு வருவோம். அணி வென்றால் "நாம் வென்றோம்" என்கிறோம், தோற்றால் "அவர்கள் சரியாக ஆடவில்லை" என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சால்டினியும் அவர் குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டனர். தங்கள் பல்கலைக்கழக அணி வென்றதற்குப் பிறகு மாணவர்கள் அதன் பெயர் பொறித்த உடையை அதிகம் அணிந்தனர். அணியின் பெருமை நம் பெருமையாகிவிடுவதால், அணியின் மீதான குறையும் நம் மீதான குறையாகிறது. அதனால்தான் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிய சாதாரணக் கருத்துக்கும் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

"நாம்", "அவர்கள்" என்ற பிரிவு தோன்ற மிகச் சிறிய காரணம் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை வைத்து ஹென்றி டாஜ்ஃபெல் ஓர் ஆய்வு செய்தார். முடிவுகள் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்தன. இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்ற அடிப்படையில் பிரிப்பதாகச் சொல்லி, மாணவர்களை அவர் இரு குழுக்களாக்கினார். தம் குழுவில் யார் இருக்கிறார் என்பது கூட அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் பரிசுத் தொகையைப் பங்கிடச் சொன்னபோது, தம் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தனர். தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவை விட அதிகமாக இருந்தால் போதும் என்றும் பலர் பங்கிட்டனர். ஓவியத்துக்கே இப்படி என்றால், மாநிலத்தின் பெயரையும் கொடியையும் தாங்கிய அணிக்கு எப்படி இருக்கும்!

கேலியும் கிண்டலும் காற்பந்தின் உப்பு. உப்பு இல்லாத சோறு உண்ண முடியாது. ஆனால் ஓர் ஆட்டக்காரர் பந்தை நழுவவிட்டார் என்பதற்கும், அவர் இனத்தையோ தாயையோ இழுப்பதற்கும் இடையில் தெளிவான கோடு உண்டு. நம் அணிகளில் மலாய்க்காரர், தமிழர், சீனர், சபா சரவாக் மக்கள், குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர் எனப் பலரும் ஆடுகின்றனர். ஒரு தமிழ் ஆட்டக்காரர் தவறு செய்தால் அவர் தவறைப் பேசுங்கள், அவர் இனத்தைப் பேசாதீர்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதே அளவுகோல் நம் வாய்க்கும் பொருந்தும். இனவெறுப்புக் கூச்சல் எழுந்தால் நடுவர் மூன்று படிகளில் நடவடிக்கை எடுக்க ஃபிஃபாவின் விதிகள் வழி செய்கின்றன. முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்புச் செய்வது, பிறகு ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துக்கொள்வது, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது.

கோபம் அரங்கத்துக்குள் பொருளாக மாறினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2015 செப்டம்பர் 3இல் மலேசிய அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 எனத் தோற்றது. ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடன் ஆட்டம். 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது, நம் இரசிகர் சிலர் தீப்பந்தங்களைக் களத்தில் எறிந்தனர். சில நிமிடங்களே எஞ்சியிருந்த ஆட்டம் கைவிடப்பட்டது. 3-0 என்ற வெற்றி சவூதிக்கு வழங்கப்பட்டது. நிர்வாகத்தின் மீதிருந்த சினம் நம் ஆட்டக்காரர்களின் கடைசி வாய்ப்பைத்தான் பறித்தது. 2022 அக்டோபர் 1இல் இந்தோனேசியாவின் மாலாங் நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. அரேமா அணி பெர்செபாயாவிடம் 2-3 எனத் தோற்றதும் இரசிகர் சிலர் களத்துக்குள் இறங்கினர். காவல்துறையினர் கண்ணீர்ப் புகைக் குண்டுகளைச் சுட்டனர். வாசல்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் நசுங்கியும் மூச்சுத் திணறியும் 135 பேர் மாண்டனர். அன்று எதிரணி இரசிகர்கள் அரங்கத்தில் இல்லவே இல்லை. மோதலுக்கு அஞ்சி அவர்களை முன்பே தடுத்திருந்தனர்.

நம் நாட்டில் 2024 மே மாதம் நெஞ்சைப் பதறவைத்தது. செலாங்கூரின் ஃபைசால் ஹலிம் மீது ஒரு பேரங்காடியில் எரிதிராவகம் வீசப்பட்டது. அதைச் செய்தவருக்கும் காற்பந்துப் பகைக்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் வெளியாகவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டிச் செலாங்கூர், மே 10இல் ஜே.டி.தி.யுடன் ஆடவிருந்த சும்பாங்சி கிண்ண ஆட்டத்திலிருந்து விலகியது. "அச்சம்" என்றனர் ஒரு சாரார், "பொறுப்பு" என்றனர் மறு சாரார். ஆனால் ஃபைசால் நலம்பெற வேண்டும் என்பதில் எந்த அணி இரசிகருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஜனவரி 25இல், கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா தென்கொரியாவுடன் 3-3 எனச் சமன் கண்டிருந்தது. முதல் கோல் செலாங்கூரின் ஃபைசால் அடித்தது. இரண்டாவது ஜே.டி.தி.யின் ஆரிஃப் ஐமான் பினால்டியில் அடித்தது. கூடுதல் நேரத்தின் 15ஆவது நிமிடத்தில் மூன்றாவது கோலை அடித்த ரோமெல் மொராலஸ் கொலம்பியாவில் பிறந்தவர். அந்த இரவில் யாருடைய கோல் பெரியது என்று எவரும் சண்டையிடவில்லை.

ஓர் இரசிகருக்கு "நாம்" என்ற வட்டம் இப்படிச் சுருங்கவும் விரியவும் கூடியது. இதை மார்க் லெவின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் இரசிகர்களான மாணவர்களிடம், அவர்களுடைய அணியைப் பற்றிய கேள்விகளைக் கேட்ட பின் வேறொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில், ஓடிவந்த ஒருவர் வழுக்கி விழுந்து வலியால் துடிப்பதுபோல் நடித்தார். அவர் யுனைடெட் ஜெர்சி அணிந்திருந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினர். பரம எதிரியான லிவர்பூல் ஜெர்சி அணிந்திருந்தபோது 10 பேரில் 3 பேரே உதவினர். மறுமுறை வேறு மாணவர்களை வைத்துச் செய்தபோது கேள்விகளை மட்டும் மாற்றினார்கள். யுனைடெட்டைப் பற்றிக் கேட்காமல், காற்பந்தை நேசிப்பவராக இருப்பதன் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். இம்முறை லிவர்பூல் ஜெர்சிக்காரருக்கு 10 பேரில் 7 பேர் ஓடிச்சென்று உதவினர். எந்த அணியின் பெயரும் இல்லாத வெறும் சட்டை அணிந்து விழுந்தவருக்கு உதவியவர் 9 பேரில் 2 பேர்தான்.